வரம் வாங்காத ராசா

என் அண்ணன் சொன்ன கதையில் வரும் ராசாவுக்கு ஒன்றுமே கிடையாது. மந்திரவாள் இல்லை, பறக்கும் குதிரை இல்லை, முனிவர் கொடுத்த வரம் இல்லை. எங்களைப் போலத் தோட்டத்து லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்தான். பிறந்த அன்று மழை பெய்து கூரை ஒழுகியது, அதைத் தவிர உலகத்தில் எந்த அதிசயமும் நடக்கவில்லை. அப்படிப்பட்டவன் ஏழு தலை நாகம் காவல் இருக்கும் மாணிக்கக் குழிக்குள் ஒரு வாளியோடு இறங்குவான்.

நாங்கள் இருந்தது குருவிட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா செத்த பிறகு அம்மாவும் அண்ணனும் பால் வெட்டினார்கள். மத்தியானம் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்ததும், சிரட்டைகளில் காய்ந்து ஒட்டிக்கிடந்த ஒட்டுப்பாலைக் கூடையில் கொண்டுவந்து வாசலில் கொட்டுவார்கள். அதிலிருக்கும் பட்டையையும் தூசியையும் நானும் தங்கச்சியும் பிய்த்தெடுக்க வேண்டும். கை நாறும், நகம் வலிக்கும். நாங்கள் எழுந்து ஓடிவிடாமல் இருக்க அண்ணன் கதை சொல்வான்.

நாகம் கொத்த வரும். ராசா ஒதுங்குவான். தண்ணீர் இறைப்பான். மறுபடி கொத்த வரும், மறுபடி ஒதுங்குவான், மறுபடி இறைப்பான். இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக் குழியில் ஆட்கள் இறைப்பதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம், அதனால் கதை கண்ணுக்கு முன்னால் நடந்தது. கடைசியில் குழி வற்றி, நாகம் சேற்றில் நெளிய முடியாமல் கிடக்கும். ராசா மாணிக்கத்தை எடுத்துக்கொண்டு மேலே வருவான். ஊர் ஜனம் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போகும்.

தங்கச்சிக்கு இது போதாது.

"ஒரு சின்ன வாளாவது குடேண்ணே அவனுக்கு."

"குடுக்க மாட்டேன்."

"ஏன்?"

"குடுத்தா வாளுதானே ஜெயிச்சிச்சின்னு சொல்லுவாங்க. அவன் எங்க ஜெயிச்சான்?"

அண்ணனைப் பற்றித் தெரிந்துகொள்ள இந்த ஒரு பதில் போதும்.

எங்கள் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழாவுக்குக் கூத்து உண்டு. ஒரு ராசாவும் ஒரு அசுரனும் சண்டை போடுகிற பழைய கூத்து. யார் எழுதியதென்று ஒருவருக்கும் தெரியாது, வாய்வழியாக வந்தது. அசுரன் வேஷத்தை யார் வேண்டுமானாலும் கட்டலாம். ராசா வேஷம் அப்படியல்ல. கூத்து நடக்கும் அன்று காலையில் கோயில் முன்னால் தப்படிப்பார்கள். யார் மேல் சாமி இறங்குகிறதோ அவன்தான் ராசா. சாமி உண்மையாகத்தான் வந்ததா என்று பார்க்கப் பூசாரி அவன் உள்ளங்கையில் சூடம் ஏற்றுவார். சாமி இருந்தால் கை சுடாது. கூத்து முடிந்ததும் அந்தக் கையாலேயே அவன் பிள்ளைகளுக்கெல்லாம் திருநீறு பூசி, தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ண வேண்டும்.

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து சாமி பெரிய கங்காணி வீட்டைத் தாண்டி வெளியே போனதில்லை. கங்காணியின் தம்பிதான் ஒவ்வொரு வருஷமும் ராசா. அதற்கு எதிராக யாரும் வாய் திறக்க மாட்டார்கள். சாமியே அந்த வீட்டைப் பிடித்துவைத்திருக்கும்போது மனிதன் என்ன பேசுவது?

அண்ணனுக்கு அந்த வேஷம் வேண்டும். பத்து வயசிலிருந்து வேறு எதுவும் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை. நல்ல சட்டை கேட்டதில்லை, கல்யாணப் பேச்சு எடுத்தால் எழுந்து போய்விடுவான். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும், அவனுக்குக் கூத்து வராது. குரல் கரகரவென்றிருக்கும். கால் கனமாக விழும். அடவு ஒன்றைப் படிக்க மற்றவனுக்கு ஒரு வாரம் என்றால் இவனுக்கு ஒரு வருஷம். விடியக்காலையில் ரப்பர் மரங்களுக்கு நடுவில் பால் வெட்டிக்கொண்டே பாடுவான். பக்கத்து மலையில் வெட்டுகிறவர்கள் அங்கிருந்தே கத்துவார்கள்.

"டேய், மரத்துக்குப் பாட்டு சொல்லிக் குடுத்தா பால் கூட வருமாடா?"

அவன் நிறுத்த மாட்டான். வருஷக்கணக்கில் பாடிப் பாடி அந்தக் கரகரப்புக்கே ஒரு கம்பீரம் வந்துவிட்டது. காலும் கடைசியில் பேச்சைக் கேட்டது. கூத்தின் பாட்டு முழுவதும், எல்லா வேஷத்தின் வசனமும், தோட்டத்தில் அவன் ஒருவனுக்குத்தான் பிசகாமல் தெரியும். தெரிந்து என்ன பயன்? தப்படிக்கும்போது அவன் உடம்பில் ஒரு மயிர்க்கால் கூட அசையாது. ஒவ்வொரு வருஷமும் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு போய் முன்னால் நிற்பான். மலை மாதிரி நிற்பான். பிறகு வீட்டுக்கு வந்து பேசாமல் சோறு தின்பான்.

"சும்மா ரெண்டு குதி குதிச்சாதான் என்னா? அவனுங்க மட்டும் என்னா செய்றானுங்கன்னு நெனைக்கிற?" என்று அம்மாவே ஒரு தடவை கேட்டுவிட்டாள்.

"அது திருட்டும்மா" என்றான் அண்ணன்.

அப்போது இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தப்படி ஆட்கள் இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருந்த காலம். கங்காணியின் தம்பிக்கும் முறை வந்தது. பெட்டி படுக்கையோடு தலைமன்னாருக்குப் போய்க் கப்பலேறிவிட்டான். சாமியைக் கூட்டிக்கொண்டு போனானா இங்கேயே விட்டுவிட்டுப் போனானா என்று லயத்தில் சிரித்துக்கொண்டார்கள். கங்காணி சிரிக்கவில்லை. அவருடைய மகன் ஒருவன் இருந்தான். அவனுக்குச் சாமி வருவது தடுமன் பிடிப்பது மாதிரி, சும்மா இருக்கும்போதே வரும். கூத்தில் நாலு வரி ஒழுங்காகச் சொல்ல வராது.

ஊரடங்குச் சட்டம் போட்டிருந்த வருஷம் அது. இருட்டினால் யாரும் வெளியே நிற்கக் கூடாது. அதனால் விடிய விடிய நடக்கிற கூத்தை அந்த வருஷம் பகலில் வைத்தார்கள். பொலிசிலிருந்து ராளகாமி என்கிற சிங்களக் கான்ஸ்டபிள் ஒருவர் வந்து பலாமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

காலையில் தப்பு முழங்கியது. கங்காணி மகனுக்கு உடனே வந்துவிட்டது. குதித்தான், உருண்டான், நாக்கைக் கடித்தான். பூசாரி அவன் கையில் சூடத்தை வைத்ததும் கையை இப்படியும் அப்படியும் வீசி ஆட, சூடம் தெறித்துத் தரையில் விழுந்து அணைந்தது. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவன் வசனம் சொல்லும் லட்சணம் எல்லோருக்கும் தெரியும். கூத்துக் கெட்டுப்போகுமே என்ற கவலை அவர்களுக்கு.

அப்போது அண்ணன் முன்னால் போய்க் கையை நீட்டினான்.

"எனக்கும் வையுங்க பூசாரி."

"ஒனக்குச் சாமியே வரலியேடா."

"வச்சுப் பாருங்க."

பூசாரியும் எங்களைப் போலப் பால் வெட்டுகிறவர்தான். ஆனால் சந்தனம் பூசிவிட்டால் அந்த ஆளைப் பிடிக்க முடியாது. எரிச்சலில் கட்டிச் சூடம் ஒன்றை முழுசாக எடுத்து அண்ணனின் வலது உள்ளங்கை நடுவில் வைத்துக் கொளுத்தினார். "முழுக்க எரியட்டும்" என்றார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். சாமி வந்தவர்கள் ஏன் ஆடுகிறார்கள் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. கை ஆடிக்கொண்டே இருந்தால் நெருப்பு ஓரிடத்தில் நிற்காது. சூடம் உள்ளங்கையில் உருளும், விரலுக்கு ஓடும், கீழே விழும். சூடம் வைப்பதற்கு முன்பே திருநீறும் தண்ணீரும் சேர்ந்து கையில் சேறாக அப்பியிருக்கும். பரம்பரையாகச் சாமி வருகிறவர்களுக்கு இதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்காமலே கைவந்திருந்தது. பாட்டையும் அடவையும் வருஷக்கணக்கில் படித்த என் அண்ணனுக்கு இது மட்டும் தெரியாது. அசையாமல் நிற்பதுதான் பரீட்சை என்று நினைத்துவிட்டான். அசையாமல் நின்றான். சூடம் ஒரே இடத்தில் நின்று எரிந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, கை மட்டும் இம்மி கூட ஆடவில்லை.

சூடம் முழுக்க எரிந்து முடிந்தது. பிறகு ஒரு கிழவி கையெடுத்துக் கும்பிட்டு, "ஆடாத சாமிடி இது! பெரிய சாமி!" என்று கத்தினாள். பெண்கள் குலவை போட்டார்கள். தப்பு காதைப் பிளந்தது. ஒருத்தி ஓடிவந்து அவன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பூசாரிக்கு வேறு வழியில்லை. காப்புக் கட்டி, மரவாளைக் கொடுத்தார். அண்ணன் உடனே கையை மூடி வாளின் பிடியை இறுக்கிக்கொண்டான்.

சாக்குத் திரைக்குப் பின்னால் வேஷம் கட்டிவிட நான்தான் போனேன். சட்டையின் கையை நுழைக்க வாளை வாங்கினேன். உள்ளங்கை நடுவில் தோல் வெள்ளையாக உப்பி, ஓரம் கருகியிருந்தது.

"அம்மாக்கிட்ட சொல்லாத" என்றான். பல் கிட்டியிருந்தது. "ஆடி முடிச்சா போதும்."

"வலிக்கலியா?"

"வலிக்குது. அதுக்கென்னா?"

சொன்னதைச் செய்தான். அந்த மாதிரி ஒரு ராசாவை எங்கள் தோட்டம் பார்த்ததில்லை. சும்மா சொல்லவில்லை, அவனைப் பிடிக்காதவர்களும் அன்றைக்கு வாயைப் பிளந்துகொண்டுதான் உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கரகரக் குரல் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. வாளைச் சுழற்ற வேண்டிய இடத்தில் சுழற்றினான். தமிழ் பாதி புரியாத ராளகாமி கூட நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். தங்கச்சி என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நம்ம அண்ணன், நம்ம அண்ணன்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா அழுதாள். அவள் கருகிய கையைப் பார்க்கவில்லை, அதனால் சந்தோஷமாக அழ முடிந்தது.

அசுரன் செத்து விழுகிற சமயத்தில்தான் எனக்குத் திருநீறு ஞாபகம் வந்தது. இடது கையால் பூச முடியாது, அதைவிட அவமானம் வேறில்லை.

அண்ணனுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். தட்டை இடது கையில் ஏந்தி, வலது கையில் நுனிவிரல்களை மட்டும் நீட்டித் திருநீறு எடுத்தான். உள்ளங்கை கீழே பார்த்தபடி இருந்தது. தாய்மார் பிள்ளைகளை வரிசையாகக் கொண்டுவந்தார்கள். சில பிள்ளைகள் நெற்றியில் பூசிக்கொண்டு போனார்கள். தப்பித்துவிட்டான் என்று நினைத்தேன்.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ராளகாமி எழுந்து நின்று, "இக்மனட்ட, இக்மனட்ட" என்று அவசரப்படுத்தினார்.

"அதென்னா விரல் நுனியால பூசுற? தலையில கைய வச்சு ஆசீர்வாதம் பண்ணுப்பா" என்றார் பூசாரி.

முன்னால் நின்றது மொட்டையடித்த ஒரு குழந்தை. அண்ணன் ஒரு நொடி என்னைப் பார்த்தான். பிறகு உள்ளங்கையை அந்த மொட்டைத் தலையில் வைத்தான். கொப்புளம் உடைந்தது.

"அம்மா, ஈரம்" என்றது குழந்தை. அதன் தலையிலிருந்து தண்ணீர் நெற்றிக்கு வழிந்தது. தாய் அதைத் துடைத்துப் பார்த்துவிட்டு வீலென்று கத்தினாள். பூசாரி அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்துக் கையைத் திருப்பி வெயிலில் காட்டினார். இரவுக் கூத்தாக இருந்திருந்தால் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் எவனுக்கும் தெரிந்திருக்காது. பகல் வெயில் எல்லாவற்றையும் காட்டியது. தோல் உரிந்த சிவப்பில் திருநீறு ஒட்டியிருந்தது.

பூசாரியை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும், அந்த இடத்தில் அவர் ஒரு வழி விட்டார்.

"கூத்துக்கு நடுவுல ஏதோ தீட்டுப் பட்டிருச்சா? சாமி மலையேறிருச்சா? சொல்லுப்பா."

ஆமாம் என்று சொன்னால் போதும். ஒரு தேங்காய் உடைத்துத் தீட்டுக் கழித்திருப்பார்கள். அழுதிருந்தால் இன்னும் நல்லது, பெண்கள் சேர்ந்து அழுதிருப்பார்கள். அண்ணன் நிமிர்ந்து நின்றான். அந்த முகத்தை என்னால் மறக்க முடியாது. அதில் பயம் இல்லை, பெருமை இருந்தது. எங்களுக்குச் சொன்ன கதையை அவன் உண்மையாகவே நம்பியிருந்தான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தோளில் தூக்கப்போகிறார்கள் என்று நினைத்தானோ என்னவோ.

"சாமி வரவே இல்லைங்க" என்றான். "நானாத்தான் தாங்கிக்கிட்டேன்."

அந்தக் குழந்தையின் தாய் அவன் முகத்தில் துப்பினாள். காலையில் அவன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டவளும் அவள்தான்.

"சாமி இல்லாத கைய எம்புள்ள தலையில வச்சிட்டானே, பாவி!"

அதற்குப் பிறகு ஆளாளுக்குக் கத்தினார்கள். கங்காணி மகன் வந்து கிரீடத்தைப் பிடுங்கினான். காப்பை அறுத்தார்கள். இரண்டு பேர் அவன் முதுகில் அடித்தார்கள். அம்மா ஊடே விழுந்து தடுத்தாள். ராளகாமி வந்து எல்லோரையும் லயத்துக்கு விரட்டினார். இல்லாவிட்டால் இன்னும் அடி விழுந்திருக்கும்.

டிஸ்பென்சரியில் கையைக் கழுவி நீல மருந்து போட்டுவிட்டு, உடனே இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். தோட்டத்து லாறிச் சாரதி எங்கள் லயத்துக்காரன்தான். சாமி குத்தம் பிடித்தவனை ஏற்ற மாட்டேன் என்றுவிட்டான். வேறு லாறி கிடைக்காமல் இரண்டு நாள் கழித்து அம்மா அண்ணனை நடத்திக் கூட்டிக்கொண்டு போய்க் குருவிட்டையில் பஸ் ஏற்றினாள். அதற்குள் கை சீழ் பிடித்துவிட்டது. ஆறியபோது நடு மூன்று விரல்களும் உள்ளே மடங்கி நின்றுவிட்டன. பால்வெட்டுக் கத்தியைப் பிடிக்க வரவில்லை. கணக்கப்பிள்ளை அவனைப் புல் பிடுங்குகிற கூட்டத்தில், கிழவிகளோடு சேர்த்துவிட்டார். அவன் மரங்களை வேறொருவனுக்குக் கொடுத்தார்கள். அங்கே பாட்டு நின்றது.

அந்த வெயில் காலத்தில் தோட்டத்தில் அம்மை கண்டது. ஒவ்வொரு வருஷமும் வருகிற அம்மைதான், ஆனால் அந்த வருஷம் அதற்குப் பழி போட ஒரு ஆள் கிடைத்தான். பீலியில் அண்ணன் தண்ணீர் பிடித்தால் மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு விலகிப்போனார்கள். பரிகாரம் என்று அம்மாவை ஈரச் சேலையோடு கோயிலைச் சுற்றி உருளச் சொன்னார்கள். உருண்டாள். முழங்கை தேய்ந்து ரத்தம் வர உருண்டாள். அண்ணன் தூரத்தில் பலாமரத்தடியில் நின்று பார்த்தான். அதற்குமேல் அவனைக் கிட்டே விடவில்லை.

அடுத்த வருஷம் கங்காணி மகன்தான் ராசா. சூடம் வைத்தார்கள், ஆடினான், விழுந்தது, குலவை போட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. ஆனால் வசனம் தெரியாத ராசாவை வைத்துக் கூத்து நடத்துவது எப்படி? பூசாரி எங்கள் வாசலுக்கு ஆள் அனுப்பினார். சாக்குத் திரைக்குப் பின்னால் நின்று அண்ணன் அடி எடுத்துக்கொடுக்கலாமாம். வெளியே மட்டும் தலை காட்டக் கூடாதாம்.

"போகாத" என்றேன். "மானங்கெட்டுப் போகாத."

போனான். அடி எடுத்துக்கொடுத்தான். அந்தக் கரகரக் குரல் சாக்குக்குப் பின்னால் மெல்லக் கேட்டது, முன்னால் அந்தத் தடியன் அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டு குதித்தான். கூத்து முடிந்து அந்தத் தடியனே பிள்ளைகளின் தலையில் கை வைத்தான். கை வழுவழுவென்று இருந்தது. சாமி இருக்கிற கை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று பெண்கள் பேசிக்கொண்டு போனார்கள். எனக்கு அவர்கள் எல்லோர் மேலும் ஆத்திரம் வந்தது, அண்ணன் மேலும் வந்தது.

மறுநாள் மத்தியானம் அம்மா ஒட்டுப்பால் கூடையைக் கொண்டுவந்து கொட்டினாள். அண்ணனும் எங்களோடு உட்கார்ந்தான். மடங்கிய விரல்களுக்கு இடையில் ஒட்டுப்பாலைச் செருகிக்கொண்டு, இடது கையால் பட்டையைப் பிய்த்தான். தங்கச்சி கதை கேட்டாள். கை வெந்த அந்தக் கூத்துக்குப் பிறகு அவன் எங்களுக்குக் கதை சொன்னதில்லை. சொல்ல மாட்டான் என்றுதான் நினைத்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"ஒரு ஊர்ல ஒரு ராசா. பொறக்கும்போதே வரம் வாங்கிட்டு வந்தவன்."

தங்கச்சி நிமிர்ந்தாள். "என்னா வரம்ண்ணே?"

"நெருப்பு அவனச் சுடாது."

தங்கச்சி கை தட்டினாள். "இப்பதாண்ணே கதை நல்லா இருக்கு" என்றாள். அண்ணன் தலையாட்டிவிட்டுத் தொடர்ந்து சொன்னான். ராசா குழிக்குள் இறங்கினான், நாகம் ஏழு வாயாலும் நெருப்பைக் கக்கியது, அவனை ஒன்றும் செய்யவில்லை. கதை சீக்கிரம் முடிந்துவிட்டது. தண்ணீர் இறைக்க வேண்டிய தேவையே வரவில்லை.